உலக்கை நின்ற வெள்ளிக்கிழமை

என் வயதுக்காரிகளே, நீங்கள் ஊரை எப்படி அறிந்தீர்கள்? ஆண்கள் கண்ணால் பார்த்தார்கள். நாம் காதால் பார்த்தோம். கிடுகு வேலிக்கு அப்பால் போகிற சைக்கிளின் கிறீச்சை வைத்தே போகிறவர் யார், அவர் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் இருந்தார்கள். "கண்ணுக்கு வேலி கட்டலாம், காதுக்குக் கட்ட ஏலுமா?" என்று என் சாச்சி சொல்வார். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. பின்வளவில்தான் அவர் வீடு. இந்தக் கதையில் பாதி அவருடையது. மீதிப் பாதி யாருடையது என்று ஐம்பது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

நான் சொல்லப்போவது சூறாவளிக்கு அடுத்த வருடத்தை. கல்முனைப் பக்கத்தில் நாம் எதையும் அப்படித்தானே சொல்லுவோம்: சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி. எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. இரண்டாம் தவணை முடியச் சில கிழமைகள் இருக்கும்போது நான் பெரியபிள்ளையானேன்.

பள்ளிக்கூடத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இன்றைக்கும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருக்கலாம், குறைந்தது உருண்டு அழுதிருக்கலாம். தண்ணீர் வார்த்தார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார்கள். பெண்கள் கூடிக் குரவையிட்டார்கள். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு காலையில் என் வெள்ளைச் சட்டையைத் தேடினேன். உம்மா அதை நாலாகக் கிழித்துத் தேங்காய்ப்பால் வடிக்கும் துணியாக்கியிருந்தார். பொத்தான்களை மட்டும் கவனமாகக் கழற்றி ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தார்.

"நல்ல சீல மகள். வீணாக்கப்படா" என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கறியெல்லாம் என் பள்ளிக்கூடச் சட்டைக்குள்ளால் வடிந்துதான் சட்டிக்கு வந்தது.

எனக்கென்று மிஞ்சியது கொம்பாஸ் பெட்டி ஒன்றுதான். மூடி நெளிந்த தகரப்பெட்டி. கவராயம் இருந்தது, பாகைமானி உடைந்திருந்தது. திறந்தால் பென்சில் தூளும் அழிறப்பரும் கலந்த ஒரு வாசம் வரும். பகல் சோற்றுக்குப் பிறகு எல்லாரும் கண்ணயரும் நேரத்தில் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பேன். வாசம் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் அதிக நேரம் திறந்து வைப்பதில்லை.

*

கிணற்றடிக்குப் பக்கத்தில் செங்கல் குவிந்தது. எனக்கு வீடு.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும்: எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளையைப் பெற்றவர் அவளுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். "ஆம்புளப்புள்ளைக்கு நாடு, பொம்புளப்புள்ளைக்கு ஊடு" என்று உம்மா பெருமையாகச் சொல்வார். பெருமைதான், மறுக்கவில்லை. எத்தனை ஊரில் பெண் பெயரில் வீடு இருக்கிறது? ஆனால் பன்னிரண்டு வயதில் தன்னைச் சுற்றிச் சுவர் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தப் பெருமை விளங்கவில்லை.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் வேலியில் ஓர் உடைப்பு இருந்தது. சூறாவளி பிய்த்துப்போட்டது. அதனூடாக நேரே பள்ளிக்கூட வீதி தெரியும். காலையில் அங்கே நின்று பார்ப்பேன். என் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளையும் வெள்ளையுமாகப் போவார்கள். வீடு அந்தத் திக்கில்தான் எழும்பியது. முதல் வரிசைக் கல் அவர்களுடைய செருப்பை மறைத்தது. அடுத்த கிழமை சட்டையின் கரை போயிற்று. பிறகு கையிலிருந்த புத்தகம், பிறகு பின்னல். கடைசியில் குடைகள் மட்டும் சுவருக்கு மேலே தனியாக மிதந்து போயின. ஒரு நாள் அவையும் இல்லை.

மேசன் பாஸ் நல்ல மனிதர். "மகள்ற ஊடு, நூல் பிடிச்ச மாதிரிக் கட்டுறன்" என்றார். அவர் நூல் பிடித்தது என் மூச்சுக்குக் குறுக்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் கூட்டாளி ஒருத்தி இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஒரு நாள் வேலி வாசலில், கடப்படியில் நின்று, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்:

"மூணாந் தவணைச் சோதினைக்கு வராட்டி ஒன்ட பேர வெட்டிருவாராம்டி. பெரிய சேர் வரவு இடாப்பப் பாத்துச் சொன்ன."

அப்படியென்றால் என் பெயர் அதுவரை வெட்டப்படவில்லை! தினமும் காலையில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போகிறார். அந்த நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை.

*

எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, எதிரே வாசிகசாலை. சூறாவளி கூரையைக் கொண்டுபோயிருந்தது. இளைஞர்கள் கிடுகும் தகரமுமாக மூடி மறுபடி நிமிர்த்தினார்கள். வாப்பாதான் தலைவர்.

வாப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கு வட்டை விதானை. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டு, மண்வெட்டியோடு முட்டிக்கொள்ளும் விவசாயிகளைப் பிரித்து விடுகிற வேலை. தண்ணீர் பங்கிட்ட வாய்க்குச் சொல்லும் பங்கிடத் தெரியும். வட்டைக் கூட்டத்தில் ஒரு வழக்கம்: கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதைப் பிறகு மாற்ற முடியாது, விதானையாலும் முடியாது. "சபையில விழுந்த சொல்லு வாய்க்கால்ல விழுந்த தண்ணி. திரும்பி வராது" என்பார் வாப்பா. இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்.

வாசிகசாலைக்குச் செயலாளர் ஒரு தையற்காரர். பகலில் சாரம் மூட்டுவார், ஓய்வில் நாடகம் எழுதுவார். வெளியூர்ப் பேச்சாளர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் அவர்தான் ஒரு நாள் சொன்னாராம்: "வாறவனெல்லாம் நம்மட கோழியத் தின்டுட்டு ஒரே கதையத்தான் கதைச்சிட்டுப் போறான். நம்மட ஊருக்குள்ள ஒழுங்கைக்கு ஒருத்தன் கையால புதுசா ஏதோ செய்துக்கிட்டு இரிக்கான். அவனக் கூப்பிட்டு, இத எப்பிடிச் செய்தாய், எங்க பிழைச்சாய் எண்டு கேட்டா என்ன?"

அப்படித்தான் வெள்ளிக்கிழமைப் பேச்சு தொடங்கியது. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, அந்தி மஃரிபுக்கு முன் முடிந்துவிட வேண்டும். பேசுபவர் தன் வேலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். முடிவில் கேள்வி நேரம். முதல் கேள்வி தலைவருடையது. அவர் கேட்ட பிறகுதான் மற்றவர்கள்.

ஒலிபெருக்கியைக் கட்ட உயரமான மரம் வேண்டும். சூறாவளி எங்கள் ஒழுங்கையில் நிமிர்ந்து நிற்க விட்ட ஒரே தென்னை எங்கள் வளவில் இருந்தது. ஆக, பெண்கள் போகக்கூடாத மண்டபத்துப் பேச்சு முழுவதும் எங்கள் வளவுக்குள் வந்து கொட்டியது. வெள்ளிக்கிழமை என்றால் பின்வளவுகளால் பெண்கள் வந்து கூடுவார்கள். ஒருத்தி கையில் பிள்ளை, ஒருத்தி கையில் வெற்றிலை. சாச்சி வரும்போது கையில் ஒரு வேலை இருக்கும். அரிசியாவது புடைப்பார், கீரையாவது உருவுவார். அவருடைய கை சும்மா இருந்து யாரும் கண்டதில்லை.

முதல் பேச்சு தோணிக்கும் மாட்டுவண்டிலுக்கும் சாயத்தால் பூப்போடுகிற மனிதருடையது. ஐந்து நிமிடம் இருமினார். பிறகு சொன்னார்: "என்ட கை ஆடும். சின்ன வயசில காய்ச்சல் வந்து ஆடத் தொடங்கின. நேர்கோடு போட ஏலா. அழுதன். மறுகா, ஆடுற கையோட சேந்து கோட்டயும் ஆட விட்டன். அது பூவாப் போயிட்டு. இப்ப ஊரெல்லாம் அந்தப் பூவத்தான் கேக்குது."

எங்கள் வளவில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு மாமி, "என்ட மனுசன்ட கையும்தான் ஆடுது, பூ ஒண்டும் வரக் காணல்லியே" என்றார். சிரிப்பில் தென்னையே குலுங்கியது.

மறுநாள் நான் கவராயத்தை எடுத்துப்போய், எனக்காகக் கட்டிய சுவரின் பூசாத கல்லில் ஒரு பூ கீறினேன். ஆறிதழ். மேசன் பாஸ் பார்த்தார். சாந்து பூசும் நாளில் அதையும் சேர்த்துப் பூசிவிட்டார். அந்தப் பூ இன்றைக்கும் சுவருக்குள்தான் இருக்கிறது.

தையற்காரர் தன் முறைக்குப் பேசும்போது, "வெட்ட முன்னம் ஏழு தரம் அளங்க. வெட்டின பிறகு அளவக் கதையாதீங்க" என்றார். நான் குசினியில் தொங்கிய பால் துணியைப் பார்த்தேன்.

*

ஒரு வெள்ளிக்கிழமை பாண்டிருப்பிலிருந்து வரவேண்டிய கூத்து அண்ணாவியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். சபை கூடிவிட்டது. வாப்பா தானே எழும்பினார். "பேச ஆளில்லாட்டி விதானைதான் அடைப்பு. உடைஞ்ச வரம்புக்கு மண்ணு போடுற மாதிரி" என்று தொடங்கினார். பிறகு பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்.

"பொம்புளப்புள்ளையப் படிப்பிக்காத ஊரு ஒத்த மாட்டில ஏர் பூட்டின ஊரு. மாடும் சுத்தும், ஏரும் சுத்தும், வயல் மட்டும் உழுபடாது!"

கைதட்டல் மழை மாதிரி விழுந்தது. தென்னைக்கு மேலிருந்து வாப்பாவின் குரல் எங்கள் கூரையில், கிணற்றில், செங்கல்லில் எல்லாம் பட்டுத் தெறித்தது. நான் உள்ளே ஓடிக் கொம்பாஸ் பெட்டியை எடுத்தேன். வாப்பா கால் கழுவி வந்து தேத்தண்ணியை வாயில் வைக்குமுன் கேட்டேன்.

"அப்ப நான் திங்கக்கிழம பள்ளிக்கூடம் போகட்டா வாப்பா?"

உம்மாவின் கை கரண்டியோடு நின்றது. வாப்பா என்னைப் பார்க்காமல் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"அது சபைக்குச் சொன்ன கத மகள்."

"நான் சபையில இல்லியா?"

"நான் இந்த ஊட்டுக்கு வந்த மனுசன்கா. ஒன்ட பெரிய மாமா இரிக்கார். அவர்ற சொல்லுக்கு மேல நான் இஞ்ச ஒண்டும் சொல்ல ஏலா."

பெரிய மாமா உம்மாவின் மூத்த சகோதரர். எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்கார். பெண்பிள்ளைகளின் காரியம் அவர் வாயில்தான் முடிவாகும். உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் வாப்பா. இதெல்லாம் இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தென்னையில் கத்துகிற வாப்பா வேறு, தேத்தண்ணி குடிக்கிற வாப்பா வேறு.

*

சாச்சி கவி சொல்வார். நெல் குற்றினால் கவி, பிள்ளை ஆட்டினால் கவி, பக்கத்து வளவுக் கோழி வந்து கிளறினால் அதற்கும் ஒரு கவி. தையற்காரர் வேலியோரம் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். ஒரு நாள் வாப்பாவிடம், "தலைவரே, இந்த ஊரில கற்பனையுள்ள ஆள் எண்டு தேடி அலையிறம். ஒங்கட கொழுந்தி பின்வளவில இரிக்கா" என்றார்.

பெண் எப்படிப் பேசுவது? மண்டபத்துக்கு வரக்கூடாது. கடைசியில் ஒரு வழி கண்டார்கள். மைக்கின் கம்பியை ஒழுங்கைக்கு மேலால், எங்கள் வேலிக்கு மேலால் கொண்டுவந்து, கட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்குள் வைப்பது. ஆள் இங்கே, சத்தம் அங்கே.

பெரிய மாமா மூன்று நாள் யோசித்துவிட்டு நிபந்தனையோடு வந்தார். "பேர் சொல்லப்படா. பாட்டாப் படிக்கப்படா. கதையாச் சொல்லலாம். வயசுக்கு மூத்தவ, புருசன் உள்ளவ எண்டதால சரி எண்டு சொல்றன். குமருகள்ற சத்தம் அந்தப் பக்கம் வரப்படா."

சாச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார். "மூடின வாயால கொட்டாவி விடட்டாம்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோதினைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"சாச்சி, வாப்பாட்டச் சொல்லுங்க. மைக்கில சொல்லுங்க. என்ன அனுப்பச் சொல்லுங்க."

சாச்சி என் முகத்தைப் பார்த்தார். முருங்கையிலையை உருவிக்கொண்டே, "கவி வாற பாதையில அது வரும். நீ ஒரு வேலை செய். அண்டைக்கு நான் கதைக்கக்குள்ள உரல்ல இடி. ஒலக்கச் சத்தம் இல்லாட்டி எனக்குச் சொல்லு வராது" என்றார். எழும்பிப் போனவர் திரும்பி வந்தார். "என்ன நடந்தாலும் ஒலக்கைய மட்டும் நிப்பாட்டாத. கேட்டியா?"

"ஓம் சாச்சி."

*

அந்த வெள்ளிக்கிழமை மைக்கை ஒரு துவாயில் சுற்றி, பிறந்த பிள்ளையைக் கொண்டு வருவதுபோலக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார்கள். உம்மா வாங்கினார். கம்பி யன்னல் நிலையின் மூலையால் நுழைந்தது. மைக்கைக் கவிழ்த்த ஓலைக் கடகத்தின் மேல் நிறுத்திக் கயிற்றால் கட்டினோம். கதவு இன்னும் போடாத அறை. ஈரச் சுண்ணாம்பின் வாசம், ஊறிய பச்சரிசியின் வாசம். இருபது முப்பது பெண்கள் சுவரோரமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் துணைக்கு இருந்தும் அந்த அறைக்குள் எனக்குக் காற்று வரவில்லை.

நான் இடிக்கத் தொடங்கினேன். தும், தும். நான் இடித்தது மரத்துக்கு மேலிருந்து திரும்ப என் தலையில் விழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் சாச்சி. "நான் ஆரெண்டு ஒங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இரிங்க."

எதிரே மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது.

"பாடப்படா எண்டு சொல்லியிருக்கு. நான் பாடல்ல. ஒலக்க பாடினா அதுக்கு நான் பொறுப்பில்ல." தும், தும். "கவி எப்பிடி வருது எண்டு கேட்டீங்க. ஒலக்க மேல போகக்குள்ள ஒரு சொல்லு. கீழ வரக்குள்ள ஒரு சொல்லு. அரிசி மாவாகிற நேரத்துக்குள்ள மனசில கிடந்த கவலையும் மாவாகிரும். மாவானாத்தான் அதப் பிசைஞ்சு ஒரு உருவம் பிடிக்கலாம். முழு அரிசியில ஆரும் பணியாரம் சுட்டிரிக்கீங்களா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தன் வீட்டுக் குசினியில் நடப்பதை ஊரே காதைத் தீட்டிக் கேட்கும் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். நானும் நினைத்ததில்லை. அந்த அரை மணித்தியாலத்தில் எங்கள் ஊரில் உலக்கை பிடித்த ஒவ்வொருத்தியும் ஒரு பிடி உயர்ந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கடைசியில் சாச்சி சொன்னார்: "இப்ப கவலையில கிடக்கிற அரிசி ஒண்டு இரிக்கி. அதச் சொல்லி முடிக்கிறன்."

செங்கல்லால ஊடு கட்டி
சீதேவி எண்டு சொல்லி
வெள்ளச் சட்ட கிழிச்செடுத்துப்
பால் வடிக்கப் போட்டதாரு?

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். என் உலக்கை கனத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்போது கேள்வி நேரம். முதல் கேள்வி தலைவருடையது. மண்டபத்திலிருந்த மற்ற மைக்கின் வழியே வாப்பாவின் குரல் வானத்திலிருந்து வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"சகோதரி, என்ட கேள்வி இதுதான். அந்த வெள்ளச் சட்டப் புள்ள ஆரு?"

சாச்சி மூச்சை இழுத்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாப்பா கேட்கிறார், கேட்பதற்குப் பதில் நான்தான், இன்னும் ஐந்து நாளில் என் பெயரை வெட்டிவிடுவார்கள். உலக்கையை நிறுத்தினேன். கடகத்தின் பக்கம் குனிந்தேன்.

"நான்தான் வாப்பா! என்ன அனுப்புங்க!"

என் குரல் தென்னை மேலேறி ஊர் முழுக்கப் போய், கடல் பக்கமாகத் தேய்வதை நானே கேட்டேன். பிறகு ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. யாரோ கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். மைக் கடகத்திலிருந்து விழுந்து, அரிசிமாவில் புரண்டு, யன்னலால் ஏறி வெளியே போயிற்று.

*

பெரிய மாமா வந்தபோது மஃரிபுக்கு இன்னும் பாங்கு சொல்லியிருக்கவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"குமர்ப்புள்ளட சத்தத்த ஊரெல்லாம் கேக்க வெச்சிட்டீங்களே மச்சான்."

"புள்ள கேட்டது பிழையில்லியே மச்சான்..." என்று வாப்பா தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே சின்னப் பொடியன்கள் குரலைக் கீச்சாக்கிக்கொண்டு ஓடினார்கள். "நான்தான் வாப்பா! நான்தான் வாப்பா! என்ன அனுப்புங்க!"

பெரிய மாமா வேலிப் பக்கம் கையைக் காட்டினார். அவ்வளவுதான் அவருடைய வாதம். உம்மா அழுதுகொண்டே, "இனி இவள் ஒழுங்கையால நடந்தா கடப்படிக்குக் கடப்படி பழிப்பாங்களே. எப்பிடிக்கா அனுப்புற?" என்றார். அது உண்மைதான். அதுவரை திறக்கலாமா பூட்டலாமா என்று கிடந்த கதவை நானே என் குரலால் பூட்டிவிட்டிருந்தேன். சபையில் விழுந்த சொல் திரும்பி வராது என்று அத்தனை தரம் கேட்டவள்தானே நான்?

வாப்பா செங்கல் குவியலில் போய் உட்கார்ந்தார். என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒரு கல்லை எடுத்து, அதன் தூசியைத் தட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

அந்தக் கிழமையே என் வீட்டுக்கு முதல் கதவு போட்டார்கள். சோதினை வந்தது, போயிற்று. என் கூட்டாளி கடப்படியில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். விளங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு ஒலிபெருக்கியை விளையாட்டு மைதானத்துப் பக்கம் மாற்றினார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தால் நடுவில் ஒரு சொல், கடைசியில் ஒரு சொல் வரும். மற்றதையெல்லாம் நாங்களே கற்பனை செய்துகொள்வோம். வாப்பா அந்த மேடையில் மறுபடி ஏறவேயில்லை.

நான் அவமானப்படுத்திவிட்டேன், அதனால்தான் ஏறவில்லை என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினாறு வயதில் எனக்குக் கலியாணம், அதே வீட்டில். எண்பதுகளின் குழப்பத்தில் வாசிகசாலை பூட்டிக் கிடந்து திறந்தது, மறுபடி பூட்டியது. வாப்பா என் வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், பேரப்பிள்ளைகளிடம் பாடம் கேட்பார். என்னிடம் மழையைப் பற்றியும் வெள்ளாமையைப் பற்றியும் கதைப்பார். நானும் அதற்கு மட்டும் பதில் சொல்வேன். மேடையில் ஒன்று வீட்டில் ஒன்று பேசிய மனிதர் என்று ஒரு கல் எனக்குள் கிடந்தது. அந்தக் கல் கிடக்கும்போதே அவர் மவுத்தாகிவிட்டார்.

*

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. சாச்சிக்கு முழங்கால் ஏலாது, என்னோடுதான் இருந்தார். யன்னலோரம் அமர்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். என் மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்துவிட்டு, எதுவுமில்லாத மாதிரிச் சொன்னார்:

"ஒன்ட வாப்பா இதப் பாத்திரிக்கணும். அண்டைக்கு அந்தக் கேள்விய என்னோட பேசித்தானே கேட்டார் மனுசன்."

"எந்தக் கேள்விய?"

"வெள்ளச் சட்டப் புள்ள ஆரு எண்டு. நீ வந்து என்ட கையப் பிடிக்க முன்னமே பின்வளவுக்கு வந்து, கொழுந்தி, ஊட்டுக்குள்ள என்ட சொல்லு ஏறாது, ஆனா சபையில நான் தலைவர் எண்டார். நான் கவி சொல்லுற. அவர் கேக்குற. 'அது ஒங்கட ஊட்டுப் புள்ளதான் தலைவரே' எண்டு நான் சொல்லுற. உடனே அவர் எழும்பி, 'சபை சுட்டிக் காட்டிட்டு, நான் மறுக்க ஏலா, திங்கக்கிழமையே அனுப்புறன்' எண்டு சொல்லுற. ஒன்ட பெரிய மாமா முன்வரிசையில. சபையில விழுந்த சொல்ல அவர் மாத்துவாரா? மாத்த ஏலா. எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இரிந்த." இலையை உதறினார். "நீ குறுக்க விழுந்திட்டாய்."

நாற்பது வருடம். தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர். செங்கல்லின் தூசியைத் தட்டி மறுபடி வைத்த அந்தக் கை.

"ஏன் அவர் எனக்குச் சொல்லல்ல? பிறகாவது?"

"சொன்னா ஒனக்கு நோகுமே எண்டு. ஒன்ட வாயாலதான் கெட்ட எண்டு நீ நினைச்சிருவாய் எண்டு. என்னயும் சொல்ல விடல்ல. அவர்தான் மவுத்தாகிட்டாரே எண்டு இப்ப சொல்றன்."

"பிறகு சொல்லாட்டியும் போகட்டும். முன்னுக்குச் சொல்லியிரிக்கலாமே சாச்சி. நீங்க ரெண்டு பேரும் எனக்காகத்தானே பேசினீங்க. எனக்கு ஒரு சொல்லு?"

"ஒனக்கென்னத்துக்குகா சொல்லுற? நீ புள்ளதானே அப்ப." இலை உருவும் கை ஓடிக்கொண்டேயிருந்தது. "நான்தான் சொன்னேனே, என்ன நடந்தாலும் ஒலக்கைய நிப்பாட்டாத எண்டு."

"ஓம். சொன்னீங்க. ஏன் எண்டு சொல்லல்லியே?"

சாச்சியின் கை நின்றது. பாதி உருவிய ஈர்க்கு விரலிடையில் அப்படியே இருந்தது. பச்சை வாசம் மட்டும் அறையில் சுற்றியது. வெளியே ஒழுங்கையில் என் மகளின் செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்வரை அந்தக் கை அசையவில்லை.